ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு

4-2-1979, ஞாயிறு

கொட்டகைக்குள் போனேன். தீபாவளிக்குப் பிறகு அதற்குள் ஆள் நுழைந்தது இன்றுதான். வண்டியின் தலையெல்லாம் கோழி எச்சம். முன் சீட்டைக் கிழித்து எலி குடித்தனம் நடத்துகிறது. அவர் எழுந்து நடமாடுகிறவராக இருந்தால் இதைப் பார்த்துவிட்டு வீட்டை இரண்டாக்கியிருப்பார்.

தீபாவளி முடிந்த வாரம் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. கோதண்டம் வண்டி என்றால் சேரப்பணஞ்சேரியில் தெரியாதவர் கிடையாது. குன்றத்தூர் மலைக் கல்யாணமா, அர்த்தராத்திரிப் பிரசவமா, இந்தப் பழைய அம்பாசடர்தான். இப்போது வண்டி கொட்டகையில், வண்டிக்காரர் கட்டிலில்.

அவர் தம்பி ரகுபதி வந்திருந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டே சொல்கிறார்: "வண்டிய தள்ளிவுட்டுர்லாம் அண்ணி. ஓட்றதுக்கு யார் கீறாங்க? அண்ணனுக்கு இனிமே இன்னா தெரியப்போவுது?"

கட்டிலில் இருப்பவருக்குக் காது நன்றாகக் கேட்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வித்தாலும் ஓடற வண்டியாத்தான் விப்பேன். சர்வீஸ் பண்ணிட்டுச் சொல்றேன்" என்றேன்.

யார் பண்ணப்போவது? நான்தான். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

6-2-79

ஏன் இந்த வீம்பு எனக்கு?

பொங்கல் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். பஸ்ஸில் அவரை மூட்டை மாதிரி தூக்கி ஏற்றினார்கள். டாக்டர் பத்து வரைக்கும் எண்ணச் சொன்னார். இவர், "ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு" என்று சொல்லி நிறுத்திவிட்டார். மறுபடி கேட்டால் மறுபடி அதே. டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, "நாம சொல்றது அவருக்குப் புரியுதான்னே தெரியலம்மா. டீச்சர்னு சொன்னீங்களே, வீட்டுல எண்ண வச்சுப் பாருங்க" என்றார்.

அன்றிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு இன்னொரு ஒண்ணாம் வகுப்பு. சிலேட்டின் மேல் நாலு புளியங்கொட்டை வைப்பேன். "ஒண்ணு" என்பார். "ரெண்டு" என்று எடுத்துக் கொடுப்பேன். "மூணு" என்பார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்ப்பார்.

அந்தப் பார்வையில் ஆள் இருக்கிறாரா, இல்லையா? எனக்கு வேறொன்றும் தெரிய வேண்டாம். அது மட்டும் தெரிந்தால் போதும்.

11-2-79, ஞாயிறு

நேற்று ஸ்ரீபெரும்புதூர் போய் மெக்கானிக் யாக்கோபைப் பார்த்தேன். அவருக்கு இங்கே வர ஒழியாதாம். தன் கடையில் நின்ற ஒரு வண்டியைத் திறந்து காட்டி எல்லாம் சொல்லிக் கொடுத்தார். கிளம்பும்போது, "எல்லாத்தையும் கழட்டிச் சுத்தம் பண்ணுங்க டீச்சரம்மா. பிளக் ஒயர மட்டும் மாத்திப் போட்றாதீங்க" என்றார். என்னைப் பார்த்தால் மாற்றிப் போடுகிறவள் மாதிரியா இருக்கிறது?

இன்று கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தினேன். அங்கிருந்து கொட்டகை தெரியும். பழைய ஆயிலை இறக்கினேன். பாதி சட்டியில், பாதி என் புடவையில். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். சிரித்தாரா? வாய் ஒரு பக்கம் இழுத்திருப்பதால் சொல்ல முடியவில்லை.

18-2-79, ஞாயிறு

பிளக் நாலையும் கழற்றினேன். ஒன்று வருவேனா என்றது. ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி பெயர்ந்துவிட்டது. கரியை எமரித் தாளால் தேய்த்தேன். ஒயர்களில் ஒரே பிசுக்கு. அவற்றையும் இரண்டு முனையிலும் பிடுங்கித் துடைத்தேன்.

எங்கே மறந்துவிடுமோ என்று ரேடியேட்டர் பக்கத்திலிருந்து ஆரம்பித்து இஞ்சின் மேல் சாக்பீஸால் 1, 2, 3, 4 என்று எழுதினேன். ஒயர்களின் மறு முனை ஒரு வட்ட மூடியில் போகிறது. அதில் சுற்றிலும் நாலு துளை. முதல் துளைக்கு அவரே கீறல் போட்டு வைத்திருக்கிறார். அதில் ஆரம்பித்து, யாக்கோபு காட்டிய பக்கமாகவே சுற்றி, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று சொருகினேன். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யும். இதற்குத்தானா மெக்கானிக் அவ்வளவு பயமுறுத்தினார்!

19-2-79

புளியங்கொட்டைப் பாடம். இன்றும் அதே. "தப்புங்க" என்றேன். சிலேட்டை இடக்கையால் தட்டிவிட்டார். உடைந்துபோயிற்று. அப்போது அழவில்லை. இப்போது எழுதும்போது அழுகிறேன்.

25-2-79, ஞாயிறு

இன்றே எழுதிவிட வேண்டும்.

ரகுபதி காலையில் சார்ஜ் பண்ணிய பேட்டரியை சைக்கிளில் கொண்டுவந்து மாட்டினார். நான் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். இஞ்சின் சுற்றியது, டமால் என்று ஒரு வெடி, புகை, நின்றுவிட்டது. மறுபடி திருப்பினேன். மறுபடி வெடி. கோழிகள் கூரைமேல் ஏறிவிட்டன.

ஜன்னலில் அவர் கத்த ஆரம்பித்தார். "ஒண்ணு! மூணு! நாலு! ரெண்டு!" தொண்டை கிழிய. கண்ணெல்லாம் தண்ணீர். நான் ஒவ்வொரு தடவை சாவியைத் திருப்பும்போதும் அதே கத்தல்.

எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே ஓடி நானும் கத்தினேன். "ரெண்டுங்க! ஒண்ணு, அப்புறம் ரெண்டு! எத்தினி வாட்டி சொல்றது உங்களுக்கு?" கட்டிய புருஷனிடம், நோயாளியிடம், அப்படிக் கத்தினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "மூணு" என்றார். என்னைப் பார்க்கவில்லை. கொட்டகையைப் பார்த்தார்.

பின்னாலிருந்து ரகுபதி சொன்னார்: "உடு அண்ணி. அதுக்கு இன்னா தெரியும்?"

அதுக்கு. அண்ணனுக்கு என்றுகூட இல்லை. அதுக்கு.

கொட்டகைக்கே திரும்பிப் போனேன். திறந்து கிடந்த இஞ்சின்மேல் என் சாக்பீஸ் எழுத்து. 1, 2, 3, 4. நாலு ஒயர். நாலு எண்.

அவர் எண்ணுவதும் நாலோடு நின்றுவிடுகிறதே. பத்து வரைக்கும் எண்ணச் சொன்னாலும் நாலேதானே. ஐந்து என்று ஒரு நாளாவது அவர் வாயிலிருந்து வந்ததா? இஞ்சின் வரிசையாகத்தான் வெடிக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? ஐயோ, நானேதான் சொல்லிக்கொண்டேன்!

ஒயர்களைப் பிடுங்கினேன். முதல் துளையிலிருந்து ஒன்று. அடுத்ததிலிருந்து மூன்று. அடுத்தது நாலு. கடைசியில் இரண்டு. சாவியைத் திருப்பினேன்.

பிடித்துக்கொண்டது. வண்டி முழுக்க உதறியது, வெள்ளையாகப் புகைத்தது, பிறகு நிற்காமல் உறுமியது. கத்தல் நின்றுவிட்டிருந்தது. ஜன்னலைப் பார்த்தேன். அவர் இடக்கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே அழுத்திக் காட்டினார். மெதுவா, என்று. அப்போதுதான் பார்த்தேன், என் கால் ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டிருந்தது. எடுத்தேன். தலையை ஆட்டினார்.

இருக்கிறார். உள்ளேதான் இருக்கிறார். இத்தனை நாளும் இருந்திருக்கிறார். நான்தான் அவருக்குப் புளியங்கொட்டை காட்டிக்கொண்டிருந்தேன்.

26-2-79

பள்ளிக்கூடம் விட்டு நேராக யாக்கோபிடம் போனேன். "அது பயரிங் ஆர்டர்மா. இஞ்சின் அந்தக் கணக்குலதான் அடிக்கும். கோதண்டம் அண்ணன் ஒயர் மாட்டும்போது வாய்க்குள்ள அத்தையே சொல்லிகினு இருப்பாரு" என்றார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள், எனக்குத் தெரியவில்லை. கொட்டகை வேலையை அவர் வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை, நானும் கொட்டகைப் பக்கம் போனதில்லை.

புதுச் சிலேட்டு வாங்கவில்லை.

10-3-79, சனி

நம் வண்டியிலேயே ஆஸ்பத்திரி. படப்பை டிரைவர் பாபுவைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னேன். இவரை முன் சீட்டில் உட்கார வைத்தோம். வழி முழுக்க ரோட்டையே பார்த்து வந்தார். ஒரு வளைவில் இடக்கை கியரைத் தேடியது.

டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "புரிஞ்சுக்கிறார்மா, அதுல சந்தேகமில்ல. ஆனா பேச்சு இதுக்கு மேல வரும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். அப்படியென்றால் இனி இந்த நாலு சொல்தான். என் பெயர் அதில் இல்லை. திரும்பி வரும்போது நான் பின் சீட்டில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

18-3-79, ஞாயிறு

ரகுபதி வந்தார். செருப்பை வாசலில் விட்டார். வழக்கமாக என்னிடம்தான் வருவார். இன்று நேராகக் கட்டிலுக்குப் போய்த் தலைமாட்டில் குந்தினார்.

"அண்ணே, குன்றத்தூர்லருந்து ஒரு ஆளு வண்டிய கேக்கறான். இன்னா சொல்றதுண்ணே அவன் கைல?"

அவர் தம்பியின் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு" என்றார். நிதானமாக. இடக்கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே அழுத்தினார்.

ரகுபதி என் பக்கம் திரும்பவில்லை. நானும் விளக்கம் சொல்லப் போகவில்லை.

"சரிண்ணே" என்றார் ரகுபதி. "நீ சொல்றப்போ பாத்துக்கலாம்."