குட்டிக்குச் சளி

அன்புள்ள தங்கைக்கு,

நீயும் உன் வீட்டுக்காரரும் குட்டியும் நலம்தானே? போனில் நான் ஒற்றைச் சொல்லில் பேசுவதாகக் கோபித்துக்கொண்டாய். இங்கே போன் வந்தால் ஸ்பீக்கரில் போட வேண்டும். உன் குரலைக் கேட்க எல்லோருக்கும் ஆசையாம். அதனால்தான் இந்தக் காகிதம். நர்ஸக்கா தபாலில் சேர்ப்பார்.

குட்டியின் குடலிறக்க ஆபரேஷனை இங்கேயே வைத்துக்கொள்ளலாம், பெரியம்மா மயக்கம் கொடுத்தால் பயமில்லை என்று எழுதியிருந்தாய். என் மாமனாருக்கு ஒரே சந்தோஷம். கத்தி உன் அத்தானுடையது, ஆஸ்பத்திரி அவர் அப்பாவுடையது. கீழே தியேட்டர், மாடியில் வீடு. நான் தெருவில் நடந்து வெகு நாளாகிறது.

மயக்கத்தில் மூச்சுக்காகத் தொண்டையில் ஒரு குழாய் வைப்போம். நுனியில் சின்னக் கிண்ணம் மாதிரி மெத்தை. பிள்ளைகளுக்கு நாக்கு பெரிது, வாய் சிறிது. நேராகத் தள்ளினால் சிலருக்கு நுனி மடங்கி நின்றுவிடும். அப்போது கிண்ணத்தைத் தலைகீழாக நுழைத்து, உள்ளே போனதும் திருப்புவேன். பூட்டில் சாவி திருப்புவது போலத்தான்.

அந்தக் கால டாக்டரான மாமனாருக்கு அது ஆகாது. போன வாரம் ஒரு பையனுக்கு அவர் சொன்னபடி நேராகவே இரண்டு முறை வைத்தேன். போகவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. திருப்பி வைத்தேன், நெஞ்சு ஏறி இறங்கியது. "அப்பாடா, பூட்டு திறந்துச்சு" என்று நர்ஸக்கா வாய்விட்டுச் சொல்லித் திட்டு வாங்கினார். "என் தியேட்டர்ல குரங்கு வித்தை வேண்டாம்மா. இனிமே சின்னப் பிள்ளைங்களுக்கு நானே வைக்கிறேன்" என்றார் மாமனார். உன் அத்தான் அப்போது கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். வெகுநேரம் மாட்டிக்கொண்டிருந்தார்.

மாமனாருக்கு இப்போது கை நடுங்குகிறது. அதை இந்த வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. குட்டிக்கும் அவரே வைப்பாராம், பேத்தி மாதிரியாம்.

கூட்டி வராதே. வரமாட்டோம் என்றும் எழுதாதே, என்னைத்தான் கேட்பார்கள். குட்டிக்குச் சளி என்று எழுது. சளியோடு மயக்கம் கூடாதென்று ஊருக்கே சொல்பவர் அவர். ஆபரேஷனை அங்கேயே, பிள்ளைகளுக்கென்று டாக்டர் இருக்கிற இடத்தில் செய்துகொள்.

இன்னொன்று. அக்கா பக்கத்தில் இருந்தால்தான் தைரியம் என்று அத்தானுக்கு நீயே எழுது. பிள்ளையைச் சொல்லிக் கேட்டால் மறுக்கமாட்டார். நான் புறப்பட வேண்டிய தேதியைத் தெளிவாக எழுது.

திரும்பும் தேதியை மட்டும் எழுதாதே.

குட்டி நூறு வயது நன்றாக மூச்சுவிட்டு வாழட்டும்.

உன் அக்கா