நம் ஓவனில் நாலு என்றால் ஆறு

என் சாந்திக்கு,

முதலில் சந்தோஷச் செய்தி. உன் மகள் நிலாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. ரெட்டியார்பாளையத்து மண்டபத்தில் அவள் வெட்டிய கேக், நம் ஓவனில் வெந்தது.

நீ எங்களை விட்டுப் போன பிறகு நான் அதைத் தொடவே இல்லை. நாம் சேர்ந்து கேக் விற்ற நாளெல்லாம் மாவு கலக்குவது நான், சூடு வைப்பது நீ. பிரான்சுக்குக் குடிபோனவர்களிடம் வாங்கிய பிரெஞ்சு ஓவன். திருகியில் டிகிரி கிடையாது, ஒன்று முதல் எட்டு வரை எண்கள்தான். "முப்பதால பெருக்குடி, செல்சியஸ் வந்துடும். இதுக்குப் போயி என்னா பயம்?" என்பாய்.

மாப்பிள்ளையின் அம்மா லண்டனிலிருந்து வந்திருந்தார். அவர்கள் வீட்டு நிச்சயத்துக்கு ஆரஞ்சு கேக் வழக்கமாம். கடையில் வாங்கலாம் என்றேன். "எங்க அம்மா ஓவன்லதான் செய்யணும். சித்தி செய்வாங்க" என்று நிலா சொல்லிவிட்டாள். புதுச் சம்பந்திகள் முன்னால் உன் பெயரும் அவள் மானமும் என் கையில்.

அந்த அம்மா பக்கத்தில் நின்று செய்முறை சொன்னார். கடைசியில், "கேஸ் மார்க் நாலு" என்று அவர்கள் ஊர் அடுப்புத் திருகியின் எண்ணைச் சொன்னார். நான் ஆறில் வைத்தேன்.

"ஏங்க, நாலுன்னுதானே சொன்னேன். கருகிடப் போவுது."

"அது உங்க ஊரு நாலுங்க. இது பிரெஞ்சுக்காரன் அடுப்பு. நாலுல வச்சா நாளைக்குதான் வேகும்."

அவர் நம்பவில்லை. நிலா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நமக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் ஆர்டர் நினைவிருக்கிறதா? இங்கிலாந்துச் செய்முறையில் நாலு என்றிருக்க, நாமும் நாலில் வைத்தோம். வெறும் நூற்றிருபது டிகிரி. கத்தியை விட்டால் நடுவில் கூழ். நான் அழுதேன். நீ ஒரு கரண்டி தின்றுபார்த்து, "பாயசம்னு வித்துடலாமா?" என்றாய். பிறகு விசாரித்து வந்தாய்: அவர்கள் நாலு என்றால் நூற்றெண்பது டிகிரி, நம்முடையதில் அது ஆறு. அமெரிக்கர்களின் பாரன்ஹீட்டையும் நீ விடவில்லை. முப்பத்திரண்டைக் கழி, பாதியாக்கு, அந்தப் பாதியில் பத்திலொன்றைச் சேர், செல்சியஸ் என்பாய்.

உன் கணக்கை நம்பித்தான் அன்றைக்கு நின்றேன். குச்சியைக் குத்தி எடுத்தேன். சுத்தமாக வந்தது. மேலே பொன்னிறம்.

"பொல்லாத அடுப்பா இருக்கே" என்று அந்த அம்மா சிரித்தார்.

"அடுப்பு இல்ல அத்தை, எங்க அம்மா" என்றாள் நிலா. உனக்குக் கேட்டதா சாந்தி? எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

தை மாதம் கல்யாணம். பிறகு அவளும் லண்டன் போகிறாள். கேக் என்றால் ஆறு என்று உன்னிடம் கேட்டே வளர்ந்த பெண். அந்த ஊர் அடுப்பில் ஆறில் வைத்தால், உள்ளே வேகுமுன் மேலே கருகிவிடும்.

கவலைப்படாதே. திருகியைத் தொடுமுன் எனக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன். அவளுக்குப் பழகும்வரை உன் கணக்கைத் திருப்பிப்போட்டு நான் சொல்வேன்.

உன் பெண்ணுக்குச் சித்தி,
சுமதி