மாணிக்கத்துக்கு வராமல் போன பந்து

என் அருமை மாப்பிள்ளை செங்கோடா,

ஊர் முன்னால் உன்னை "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க" என்று கூப்பிட்டவன்தான் நான். தங்கச்சி புருஷனாயிற்றே. ஆள் இல்லாத நேரத்தில் நமக்குள் நீ, நான்தான். அந்தப் பழக்கத்திலேயே எழுதுகிறேன். மேட்டூர் அணை வேலைக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பி நீ கண்ணை மூடியதிலிருந்து, உன்னிடம் நல்ல சேதியாகப் பொறுக்கித்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்குக் கொண்டுவந்திருப்பது வெட்கக்கேடு. கேட்டுத்தான் ஆகவேண்டும் நீ.

உன் மகன் மாணிக்கம் இப்போது நிலைப்படியில் குனிந்துதான் நுழைகிறான். உன் உயரம் அப்படியே வந்திருக்கிறது. அவனும் என் மகன் துரைசாமியும் ஹைஸ்கூலில் ஒரே வகுப்பு, ஒரே கூடைப்பந்து டீம். நீ இந்த ஆட்டத்தைப் பார்த்ததில்லை. கட்சிக்கு ஐந்து பேர். கம்பத்தில் பலகை அடித்து, அதில் ஓர் இரும்பு வளையம். பந்தை அதற்குள் போடவேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று கேள். ஒவ்வொரு தடவை பந்து விழுந்ததும் எல்லாரும் நடுக்கோட்டுக்குத் திரும்பி வரவேண்டும். டிரில் வாத்தியார் பந்தை உயர எறிவார். கட்சிக்கு ஒருத்தன் எம்புவான். எவன் தட்டுகிறானோ அவன் கட்சிக்குப் பந்து. நம் பக்கம் எம்புகிறவன் மாணிக்கம். அவன் தட்டிவிடுவான், துரைசாமி வாங்கிக்கொண்டு ஓடிப் போடுவான். ஜனம் துரைசாமி பேரைச் சொல்லிக் கத்தும். எம்பினவன் பேரை யார் சொன்னார்கள்? நானே சொன்னதில்லை.

போன வாரம் நாமக்கல் பையன்களோடு கடைசி ஆட்டம், நம் ராசிபுரத்து மைதானத்தில். ஜெயித்த டீம் மதராசுக்குப் போய் ஆடலாம் என்று ஏற்பாடு. மாணிக்கத்துக்கு இது கடைசி வருஷம். பரீட்சை முடிந்ததும் தறியில் உட்கார்ந்துவிடுவான். அதற்கு முன்னால் கடலைப் பார்த்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. நீ காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தாயாமே? தங்கச்சி பாவாயி சொன்னாள். முறுக்குச் சுட்டு டப்பாவில் போட்டு வைத்திருந்தாள், ரயிலில் எல்லாப் பையன்களும் தின்பதற்கு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நமக்குத்தான் பட்டுக்கடை என்ற திமிர் உண்டே. நேரே தலைமையாசிரியரிடம் போய், "எந்தக் கட்சியா இருந்தாலும் அதிகமாப் பந்து போடுற பையனுக்கு நம்ம கடையிலிருந்து ஜரிகைக்கரை போட்ட அங்கவஸ்திரமுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். யாருக்குப் போகும் என்று எனக்குத் தெரியாதா? ஊர் பார்க்க என் மகன் தோளில் என் கையாலேயே போர்த்த வேண்டும் என்ற ஆசை. அதை நெய்வதற்கும் பாவாயிதான் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்தாள். யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆட்டம் முடியப் போகிற நேரம். நாம் ஒரே ஒரு பாயிண்டு பின்னால். மாணிக்கம் எம்பித் தட்டினான், துரைசாமி பந்தோடு ஓடினான். இரண்டு நாமக்கல்காரன்கள் அவனை மறித்துவிட்டார்கள். வளையத்தடியில் மாணிக்கம் தன்னந்தனியாக, கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். கொடுத்திருந்தால் எட்டிப் போட்டிருப்பான். குருடனுக்கும் தெரியும்.

எனக்கு அப்போது புத்தி எங்கே போயிருந்தது? நாமக்கல் பக்கம் ஒரு சுருட்டைமுடிப் பையன், துரைசாமிக்கு ஒரு பந்துதான் குறைவாகப் போட்டிருந்தான். என் கடைப் பட்டு நாமக்கல்லுக்குப் போய்விடுமோ என்ற நினைப்புத்தான். கம்பத்துக்குப் பின்னால் நின்றிருந்தவன் தொண்டை கிழியக் கத்தினேன். "குடுக்காதே சாமி, நீயே போடு."

போட்டான். பந்து இரும்பில் பட்டு வெளியே போயிற்று. வாத்தியார் விசில் ஊதிவிட்டார்.

கணக்குப்படி துரைசாமிதான் அதிகம். தோற்று நிற்கிற பிள்ளைகளுக்கு முன்னால் அந்த அங்கவஸ்திரத்தை நான் போர்த்தினேன். அவன் தலையை நிமிர்த்தவே இல்லை. கை தட்டினது மாணிக்கம் ஒருத்தன்தான். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது, மாப்பிள்ளை.

இதோடு முடிந்திருந்தால் உன்னைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். மறுநாள் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் துரைசாமியைத்தான் என்னிடம் குறை சொன்னார்கள். "ஏனுங்க, உங்க பையனுக்குப் பட்டு மேல ஆசை, டீமைக் கவுத்துட்டானே." அவன் அங்கேதான் சேலை மடித்துக்கொண்டிருந்தான். நான் என்ன சொன்னேன்? "ஆமாங்க, தன்னலம் புடிச்ச பய" என்றேன். என் வாயால், என் மகனை. மைதானத்துச் சத்தத்தில் நான் கத்தினது யார் காதிலும் விழவில்லை என்ற தைரியம். அவன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி சேலையை மடித்தான்.

கடை சாத்தும்போது கேட்டேன், ஏன் அப்படிப் பார்த்தாய் என்று.

"மாணிக்கத்துக்குக் குடுக்கத்தானுங்கப்பா கையைத் தூக்கினேன். உங்க சத்தம் கேட்டுச்சு."

"அதை ஏண்டா யாருகிட்டயும் சொல்லல?"

"எப்படிங்கப்பா சொல்றது?"

மாணிக்கமும் கேட்டிருக்கிறான், வளையத்தடியில் எனக்கு எட்டுகிற தூரத்தில்தானே நின்றான். அவனும் அவன் அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. பாவாயி என்னடாவென்றால், "சின்னப் பையன் அண்ணா, அவனைத் திட்டாதே" என்று எனக்கே சமாதானம் சொல்கிறாள். மாணிக்கத்தைக் கூப்பிட்டு, "வா சாமி, லீவில் மதராசுக்கு நான் கூட்டிட்டுப் போறேன், கடல் பாக்கலாம்" என்றேன். அவன் கோபப்படவில்லை. "இல்லீங்க மாமா. எல்லாரும் சேர்ந்து போறதாத்தான் இருந்துச்சு" என்றான். பந்துக்குக் காற்றடிக்க வேண்டும் என்று போய்விட்டான். நான் வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்ட முடிகிற சமாசாரமா இது?

மற்ற மூன்று பையன்களும் துரைசாமியோடு பேசுவதில்லை. ஆடப் போனால் பந்தை அவனுக்குப் போடுவதில்லையாம். மாணிக்கம் மட்டும் போடுகிறான். இரண்டு பேருமாகச் சேர்ந்து இந்தக் கிழவன் மானத்தைக் காப்பாற்றுகிறார்கள். நான் அதை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். சீ.

சாகிற அன்றைக்கு நீ என் கையைப் பிடித்து, "ரெண்டு பேரையும் ஒண்ணாப் பாத்துக்கோ" என்றாய். சரி என்றேன். பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்.

உனக்கு இப்போது வாக்குக் கொடுக்கிறேன். நாளைக்குச் சாயங்காலம் பையன்கள் ஆட வரும்போது கடையைச் சாத்திவிட்டு மைதானத்துக்குப் போவேன். வேடிக்கை பார்க்கிற கூட்டமும் இருக்கும், இருக்கட்டும். அன்றைக்குக் கத்தின அதே இடத்தில் நின்று, அதே சத்தத்தில் சொல்வேன்: "குடுக்காதேன்னு சொன்னது நான்."

இப்படிக்கு,
உன் பாவாயிக்கு அண்ணன், மாணிக்கத்துக்கு மாமன், நாளைக்குப் பிறகு துரைசாமி முகத்தைப் பார்க்க முடிந்தால் அவனுக்கு அப்பன்