பாலத்துக்கு இன்னும் ஒரு விரற்கடை

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், என் முழங்கால் மட்டும் பாதி நலம். நீயும் மாப்பிள்ளையும் முழு நலமாக இருக்க வேண்டும். உன் கடிதம் வந்தது. அப்பா போய் ஐந்து மாதம் ஆகிறது, முன்னறையைக் காலி செய், பொம்மைகளை யாருக்காவது கொடு, வீட்டைப் பூட்டிக்கொண்டு என்னிடம் வந்துவிடு என்று எழுதியிருக்கிறாய். நீ சொல்வது நியாயம்தான். ஆனால் இப்போது வர முடியாதடி. சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு எப்படி வருவது? சிரிக்காதே, கடைசிவரை படித்துவிட்டுச் சிரி.

அப்பா முன்னறை மேசையில் பொம்மைப் படைகளை வைத்துக் கடைசியாக நடத்திக்கொண்டிருந்த சண்டையை நீ பார்த்ததில்லை. முதல் உலகப் போரில் ஏதோ ஒரு ஆற்றங்கரையில் நடந்ததாம், ஊர்ப் பேர் என் வாயில் நுழையாது. பச்சைப் படை அப்பாவுடையது, சாம்பல் படை பல் டாக்டருடையது, தபால்காரர் விதிப் புத்தகமும் இஞ்ச் டேப்பும் வைத்துக்கொண்டு நடுவர். நிஜத்தில் பச்சைப் படை பாலத்தைத் தாண்ட முடியாமல் தோற்றுப்போனதாம். அதனாலேயே உங்கப்பா அதைக் கேட்டு வாங்கினார், தோத்தவனுக்கு ஒரு ஆள் வேணுமில்ல என்பார். தரையில் காலாட்களும் பீரங்கியும், மேலே சைக்கிள் கம்பியில் குத்தி நிறுத்தின விமானங்கள். நீ எட்டு வயசில் என் நகப்பூச்சை எடுத்து வாலில் பூசி அடி வாங்கினாயே, அந்த விமானமும் அதில் உண்டு. இரண்டு வருஷம், ஞாயிறு தவறாமல் ஆடினார்கள். அப்பா போன அன்று வந்தவர்களுக்கு உட்கார இடம் வேண்டுமென்று உன் சித்தப்பா எல்லாவற்றையும் ஒரே வாராக வாரித் தலையணை உறைக்குள் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டார். நீ அழுதுகொண்டிருந்தாய், கவனித்திருக்க மாட்டாய். நான் கவனித்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டரும் தபால்காரரும் வந்தார்கள். ஞாபகத்துக்கு ஆளுக்கு ஒரு பொம்மை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கத்தான் வந்தார்கள். உறையைப் பார்த்ததும் டாக்டர் முகம் பல் பிடுங்கின மாதிரி ஆகிவிட்டது. யார் எங்கே நின்றார்கள் என்று நீங்க எழுதி வச்சிருப்பீங்கன்னு நினைச்சேன் என்றார் தபால்காரரிடம். நீங்க படம் பிடிச்சிருப்பீங்கன்னு நான் நினைச்சேன் என்றார் தபால்காரர். பெரிய தளபதிகள்! இரண்டு வருஷச் சண்டைக்கு ஒரு துண்டுச்சீட்டு இல்லை. நான் டீயைக் கையில் கொடுத்து, குடிச்சு முடிங்க என்று சொல்லிவிட்டு உறையை மேசையில் கொட்டினேன்.

லாட்ஜில் இருபத்தாறு வருஷமாக அறை துடைக்கிறேன். அங்கே முதல் பாடமே அதுதான், தங்கியிருக்கிறவர் பொருளை எடு, துடை, இருந்த இடத்தில் மயிரிழை பிசகாமல் வை. சீப்பு கொஞ்சம் தள்ளி இருந்தாலும் மானேஜரிடம் புகார் போகும். அந்தப் பழக்கத்தில்தான் சனிக்கிழமைதோறும் அப்பாவின் மேசையைத் துடைப்பேன், ஒவ்வொருத்தனாகத் தூக்கி, பழைய பவுடர் பிரஷ்ஷால் தட்டி. எனக்கு யார் ஜெயிக்கிறார்கள் என்று தெரியாது, எவன் எங்கே நிற்கிறான் என்று தெரியும். இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் வைத்தேன் பாப்பா. ஆறு, மேடு, உடைந்த ஆலை, பீரங்கி, விமானம் எல்லாம். டீயில் ஆடை கட்டிவிட்டது, இரண்டு பேரும் ஒரு வாய் குடிக்கவில்லை. தபால்காரர் மட்டும் தங்கச்சி தங்கச்சி என்று முனகிக்கொண்டே இருந்தார்.

கடைசியாகப் பாலத்துக்கு முன்னால் நிற்கிற பச்சைக் கூட்டம், ஏழு பேர். அவர்களைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். இதுவரை உனக்குக்கூடச் சொல்லாத விஷயத்தை இப்போது சொல்கிறேன். உங்கப்பா கள்ளாட்டம் ஆடுவார். எந்தச் சண்டை ஆடினாலும், எல்லாரும் போன பிறகு, முன்னால் நிற்கிற கூட்டத்தை ஒரு விரற்கடை தள்ளி வைத்துவிடுவார். முதலில் பூனை தட்டியிருக்கும் என்று நினைத்துப் பழைய இடத்தில் வைத்தேன். மறுவாரமும் நகர்ந்திருந்தது. அப்போதுதான் நமக்குப் பூனையே இல்லை என்று உறைத்தது. அவர் தள்ளுவார், நான் சனிக்கிழமை பின்னுக்கு வைப்பேன், என்னிடம் அவர் எப்படிக் கேட்பார்? டேபிளை ரொம்ப அழுத்தித் துடைக்காதே என்று மட்டும் சொல்வார். அழுத்தாமத்தான் துடைக்கிறேன் என்பேன். பதினோரு வருஷம் இப்படி ஒரு சண்டை எங்களுக்குள், ஒரு வார்த்தை பேசாமல்.

இப்போது ஏழு பேரையும் எங்கே வைப்பது? அவர் வைத்த இடத்தில் வைத்தால் பொய். என் இடத்தில் வைத்து, வார நடுவில் எட்டிப் பார்த்த ஞாபகத்தில் இது ஏன் பின்னால் இருக்கிறது என்று இவர்கள் கேட்டால் மனுஷன் பேர் போய்விடும், திருப்பிச் சொல்ல அவரும் இல்லை. என் இடத்தில்தான் வைத்தேன். டாக்டர் குனிந்து பார்த்து, இல்லக்கா, இன்னும் ஒரு விரல் முன்னாடி இருந்துச்சு என்றார். எதிராளி, பாப்பா! தன் படைக்கு எதிராகத் தானே சாட்சி சொல்கிறார். நான் விழிக்க, உங்க வீட்டுக்காரர் தள்ளுவார், வார நடுவுல வந்தப்பல்லாம் பாத்திருக்கேன், எனக்கு எப்பவோ தெரியும், ஆனா ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தா பழையபடி நிக்கும், மனசாட்சி உறுத்தித் தானே திருப்பி வச்சிடறார்னு மரியாதையா இருந்தேன் என்றார். அவர் மனசாட்சி நான்தான் என்று சொன்னேன். தபால்காரர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார், டாக்டர் மேசைக்கடியில் உட்கார்ந்து சிரித்தார், நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். அவர் போன பிறகு முதல் சிரிப்பு. பாவிமகளே சிரிக்கிறாயே என்று உள்ளே ஒரு குரல் வந்தது, அதுவும் அவர் குரல் மாதிரியே இருந்ததா, இன்னும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றைக்கே அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். விமானச் சண்டைக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று ஆளாளுக்குச் சீட்டில் எழுதி ஒளித்து, ஒரே நேரத்தில் பிரிக்க வேண்டும். எனக்கு எழுத்து மெதுவாகத்தானே வரும், அம்புக்குறி போட்டேன். தபால்காரர் புத்தகத்தைப் புரட்டி, அம்பு கூடாதுன்னு எங்கயும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். போன வாரம் உன் நகப்பூச்சு விமானம் டாக்டரின் பெரிய விமானத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது, பகடையில் ஆறு விழுந்தது, நான் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரி என்னமோ ஏதோ என்று மாவுக்கையோடு ஓடிவந்தாள். விமானத்தைச் சுட்டுட்டேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தண்ணி குடிங்க முதல்ல என்றாள். இப்போது அவளும் ஞாயிறு வருகிறாள், சாம்பல் படைக்கு.

ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். இந்தச் சனிக்கிழமை துடைத்து முடித்ததும் அந்த ஏழு பேரை நானே ஒரு விரற்கடை முன்னால் தள்ளிவிட்டேன். அவருக்காக. மறுநாள் எழுந்து போய்ப் பார்த்தால் தள்ளின இடத்திலேயே நிற்கிறார்கள். திருப்பி வைக்க யாருமே இல்லை பாப்பா. கொஞ்ச நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன், பிறகு நானே பின்னுக்கு வைத்துவிட்டுப் போய், ஆட வந்தவர்களுக்குக் கதவைத் திறந்தேன்.

அதனால் நான் வரவில்லை, நீ வா. இன்னும் எட்டு ஆட்டம் பாக்கி, உன் விடுமுறைக்குள் முடியாது, முடிய விடமாட்டேன். வந்தால் நீ தள்ளு, நான் திருப்பி வைக்கிறேன். சண்டை முடிந்ததும் உன்னோடு கிளம்பிவிடுகிறேன், வாக்கு.

நீங்கள் இரண்டு பேரும் நிறைந்த ஆயுளோடு, வாய் நிறையச் சிரிப்போடு இருக்க வேண்டும். மாப்பிள்ளையைக் குளிரில் காதை மூடச் சொல். வரும்போது மறக்காமல் சிவப்பு நகப்பூச்சு ஒன்று வாங்கி வா, வாலில் பெயிண்ட் உரிந்திருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா,
பச்சைப் படைத் தளபதி