இரண்டு பேர் சொன்ன ஒரே சேதி

ஏப்ரல் 26, 1971, திங்கள்

காலையில வெயில். மத்தியானம் இடி, மழை. ஊரடங்கு ஆறு மணிக்கே. பேக்கரியில பாண் இன்னைக்கும் கிடைக்கல.

அரசாங்கக் கச்சேரி ஆபீசிலிருந்து என்னை ராணுவ முகாமுக்கு டைப்பிஸ்ட்டா அனுப்பி பன்னிரண்டு நாள். முகாம்னா மாத்தளையில ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைங்களுக்கு லீவு. என் மேசை நாலாம் வகுப்புல. கரும்பலகையில வாய்ப்பாடு இருக்கு, அது மேலேயே மேப்பை ஆணி அடிச்சு மாட்டி வச்சிருக்காங்க.

வேலை: உளவுச் சேதி சேர்க்கிற லெப்டினன்ட் (இனிமே லெ.) சொல்றதை டைப் பண்றது. தமிழ் ஆட்கள் சொல்றதை இங்கிலீஷ்ல எழுதுறது. நாலு மணிக்கு எல்லாம் சேர்த்து மேஜர் மேசைக்கு. அதைப் படிச்சுத்தான் நாளைக்கு ஆட்களை எங்க அனுப்புறதுன்னு அவர் முடிவு எடுப்பாராம்.

லெ. சின்ன வயசு, மரியாதையா பேசுவார். முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்: யார் பார்த்தது, எப்ப, கண்ணால பார்த்ததா, கேள்விப்பட்டதா. ஒருத்தர் சொன்னா அது வெறும் பேச்சு. சம்பந்தமில்லாத இன்னொருத்தரும் சொன்னாத்தான் சேதி.

இன்னைக்கு வந்தது: இரத்தோட்டைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டம், மேல் லயத்துல, தொழிலாளிங்க இருக்கிற வரிசை வீடுகள்ல, முப்பது கலகக்காரங்க ஒளிஞ்சிருக்காங்களாம். மூணு பெரிய அண்டாவுல சோறு ஆக்கினாங்களாம். சொன்னவர் அங்க ஏலக்காய்த் தோட்டம் வச்சிருக்கிற கடை முதலாளி. அதுக்குப் பக்கத்துல 'உறுதியில்லை'ன்னு லெ. போடச் சொன்னார். போட்டேன்.

மேஜர் அந்த வார்த்தையைப் பார்க்கவே இல்ல. "முப்பது பேரா?" அவ்வளவுதான். கண்டித் தலைமை முகாமிலிருந்து தினமும் போன் வருது, இதுவரைக்கும் யாரைப் பிடிச்சீங்கன்னு.

ஏப்ரல் 27, செவ்வாய்

மழை இல்ல. புழுக்கம். தலைவலி.

அதே தோட்டத்துப் பொம்பள ஒருத்தி. பேர் பாக்கியம், கொழுந்து எடுக்கிறவ. மருந்து வாங்க பஸ்ல வந்தவளை வழியில இறக்கி இங்க கொண்டு வந்துட்டாங்க. தண்ணி கொடுத்தேன்.

"மூணு அண்டா சோறு யாருக்கு பாக்கியம்?"

"எங்க மாமனார் கருமாதிங்கம்மா. லயத்து சனம் பூராவும் சாப்பிட்டுச்சு."

"கலகக்காரங்களைப் பார்த்தீங்களா?"

மிச்சத் தண்ணியையும் குடிச்சிட்டுச் சொன்னா: "போன வெள்ளிக்கிழமை மலைல பார்த்தோம். நானும் இன்னும் ரெண்டு பொம்பளைகளும். பத்துப் பன்னெண்டு பேர். கையில சுடுற துவக்கு இருந்துச்சு. மலை இடுக்கு வழியா பல்லேகம பக்கமா இறங்கிப் போயிட்டாங்க. லயத்துக்கு வரவே இல்லம்மா."

கண்ணால பார்த்தது. நாள் இருக்கு. போன திசை இருக்கு. லெ. சொல்லிக் கொடுத்தபடி எல்லாம் இருக்கு. எழுதினேன். அவளை அனுப்பிட்டாங்க. போறப்ப திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போனா.

இரண்டு மணிக்கு கிராம சேவகர்கிட்டயிருந்து கடிதம். மேல் லயம், முப்பது பேர், மூணு பெரிய அண்டா. முதலாளி சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசையில. கிராம சேவகர் யாருன்னு பாக்கியம் காலையிலேயே சொல்லிட்டா: முதலாளி சம்சாரத்தோட தம்பி. லயத்து ஆட்கள் மரக்கறி போடுற துண்டு நிலம் முதலாளி வேலிக்குப் பக்கத்துல. அவங்களை அங்கிருந்து கிளப்பணும்னு ரெண்டு வருஷமா நிக்கிறாராம்.

லெ.கிட்ட சொன்னேன். "இது ரெண்டு பேர் இல்ல சேர். ஒரே ஆள், ரெண்டு வாய்."

அவருக்குப் புரிஞ்சுது. முகத்துலயே தெரிஞ்சுது. மேஜர் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்துச்சு.

"பிளான் ரெடி. எல்லா ட்ரக்கும் விடியக்காலையில மேல போகுது. கண்டிக்குச் சொல்லியாச்சு. எனக்கு வேண்டியது பிளானுக்கு ஏத்த ரிப்போர்ட். வேற பிளான் நான் கேட்கல."

லெ. திரும்பி வந்தார். என் முகத்தைப் பார்க்கல. "மிஸ், 'இரண்டு பேர் மூலம் உறுதி'ன்னு போடுங்க."

"பாக்கியம் சொன்னது?"

"அதைப் பின்னாடி வைங்க."

போட்டேன். இந்த விரலாலதான். வெட்கம் கெட்ட விரல். பாக்கியம் சொன்னதை அடியில வைக்காம மேல வச்சு நானே கொண்டு போய்க் கொடுத்தேன். மேஜர் படிச்சார். "டைப்பிஸ்ட் வேலையை மட்டும் பாருங்க"ன்னார். ரெண்டு தாள்லயும் சிவப்பு பென்சிலால கையெழுத்து.

ராத்திரி வீட்டுல அக்கா: "ஏண்டி பாத்திரத்தை இந்தப் போடு போடுற?"

ஏப்ரல் 28, புதன்

விடியிறப்ப மேல் லயத்தை வளைச்சிருக்காங்க. ஒரு கலகக்காரனும் இல்ல. ஒரு துவக்கும் இல்ல. சும்மா திரும்பக் கூடாதுன்னு ஏழு பேரைக் கட்டிக் கொண்டு வந்தாங்க. ஏழும் தொழிலாளிங்க. பாக்கியம் புருஷன் செல்லமுத்துவும் அதுல. எப்படித் தெரியும்னா, பேர்ப் பட்டியல் டைப் பண்ணினது நான்.

பின்கட்டிலிருந்து சத்தம். டைப்ரைட்டரை வேகமா அடிச்சேன், காதுல விழாம இருக்க. விழுந்துச்சு.

பதினொரு மணிக்கு வயர்லெஸ். பல்லேகம ரோட்டுல சாமான் கொண்டு போன நம்ம முகாம் ஜீப்பைக் கலகக்காரங்க சுட்டுட்டாங்க. ரெண்டு பேர் செத்துட்டாங்க. ஒருத்தர் டிரைவர் பண்டா, போன கிழமை என் டைப்ரைட்டரைத் தூக்கிட்டு வந்து மேசையில வச்சவர். துணைக்கு ஒரு ட்ரக்கும் போகல. எல்லா ட்ரக்கும் மலையில, கருமாதிச் சோத்தைத் தேடிக்கிட்டு.

லெ. வெளியில போய் வாந்தி எடுத்தார். எனக்குப் பாவமா இல்ல.

ஏப்ரல் 29, வியாழன்

மேஜர் கூப்பிட்டார். லெ.வும் நின்னார்.

"அந்தப் பொம்பள சொன்னது ஏன் என்கிட்ட வரல?"

"வந்துச்சு சேர். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு. உங்க கையெழுத்து இருக்கு."

லெ. சுவரையே பார்த்துக்கிட்டு நிக்கிறார். மேஜர் நிதானமா, கடையில ஜாம் பாண் கேட்கிற மாதிரி, ஒரு ரிப்போர்ட் சொல்ல ஆரம்பிச்சார். எழுதிக்கணுமாம். பல்லேகம பக்கம் நடமாட்டம் பத்தி முன்கூட்டி ஒரு தகவலும் கிடைக்கல...

பென்சிலை மேசையில வச்சேன். "இதை நான் டைப் பண்ண மாட்டேன் சேர்."

"அப்ப கச்சேரிக்கே போகலாம்."

"போறேன். அந்த ஏழு பேர்?"

மேஜர் கதவைக் காட்டினார். வெளியில வந்தேன். எனக்குப் பயம் இல்ல, கோபம்தான். லெ. பின்னாடியே ஓடி வந்தார். "விடுதலைத் தாள்ல நான் கையெழுத்துப் போடுறேன் மிஸ். நீங்க அடிச்சுக் கொடுங்க." இதுக்கு மட்டும் திரும்ப உட்கார்ந்தேன். ஏழு பேர். பிழை இல்லாம.

ஆறு பேர் நடந்து போனாங்க. செல்லமுத்துவை ஆஸ்பத்திரிக்கு.

ஏப்ரல் 30, வெள்ளி

மழை தூறல். கச்சேரிக்குப் போற வழியில ஆஸ்பத்திரி. செல்லமுத்துவுக்கு விலா எலும்பு ரெண்டு உடைஞ்சிருக்கு, வலது கை வீங்கிக் கிடக்கு. பிழைச்சுக்குவார்னு நர்ஸ் சொன்னாங்க. பாக்கியம் கட்டிலுக்குப் பக்கத்துல தரையில. என்னைப் பார்த்ததும் எந்திரிச்சா.

"அம்மா, அன்னைக்கு நான் சொன்னதை எழுதலையா நீங்க?"

"எழுதினேன்."

"வேற மாதிரி எழுதிட்டீங்களா?"

"இல்ல பாக்கியம். நீங்க சொன்ன மாதிரியேதான் எழுதினேன். படிச்சாங்க. படிச்சிட்டுத்தான் வந்தாங்க."

அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. 'இரண்டு பேர் மூலம் உறுதி'ன்னு போட்ட தாளையும் இதே கைதான் அடிச்சதுன்னு நான் சொல்லல.