தங்கச்சிமாரை விழுங்கிய நட்சத்திரக் குறி

புதிய காத்தான்குடி,
2005 ஒக்டோபர், நோன்பு மாதம்.

அன்பு மகன் ஸியாமுக்கு,

அல்லாஹ்வின் சாந்தி உன்மீது நிறையட்டும். டோஹாவில் நீ சுகமாக இருக்கிறாய், வேலை முடிந்து ஓடிப்போயாவது நேரத்துக்கு நோன்பு திறக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன், அது மெய்யா பொய்யா என்பதைக் கடைசிவரை வாசித்துவிட்டு நீயே சொல். உன் வாப்பாவுக்கு இருமல் விட்டபாடில்லை, ஆனாலும் காலையில் புடவைக் கடைக்குப் போய்விடுகிறார், பெருநாள் சரக்கு வந்து இறங்கியிருக்கிறதாம், ஓய்வாக இருங்கள் என்றால் இந்தத் தகரத்துக்குள் இருந்து வேகவா என்று கேட்கிறார், அதுவும் நியாயம்தான். மாரி தொடங்கிவிட்டது. மழை பெய்தால் இந்தக் கொட்டிலுக்குள் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது, மழை விட்டால் பக்கத்துக் கொட்டிலில் கரண்டி விழுந்தாலும் கேட்கும், இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் குடித்தனம். நேற்று டவுன் பக்கம் எங்கேயோ வெடிச் சத்தம் கேட்டதென்று கடைகளைப் பூட்டிவிட்டார்கள், வாப்பா வந்து சேரும்வரை வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்து நடந்து கஞ்சியை அடிப்பிடிக்க விட்டுவிட்டேன். கடல் ஊருக்குள் ஏறி வந்துபோய் வருடம் திரும்பப் போகிறது, இன்னமும் சத்தம் என்றால் கால் தானாக எழும்பிவிடுகிறது மகன். ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை, இந்தக் கடிதத்தையே மூன்று தரம் எழும்பி எழும்பித்தான் எழுதுகிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாய் உம்மா என்று கேட்பாய். இந்தத் தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது என் தங்கச்சி, உன் ஸாலிஹா சாச்சி. நான் போனில் பேசும் ஒவ்வொரு சொல்லும் அவளுக்குக் கேட்கும். அவள் என்னோடு பேச்சை விட்டு ஒரு கிழமைக்கு மேலாகிறது. நோன்பு தொடங்கினால் என் கஞ்சி அவளுக்கும் அவள் பண்டம் எனக்குமாகத்தானே எங்களுக்குப் பழக்கம், முந்தநாள் நான் கொண்டுபோய் வைத்த கோப்பை வாய் வைக்காமல் அப்படியே என் வாசலுக்குத் திரும்பி வந்துவிட்டது. 

விஷயம், கடல் எடுத்த வீடுகளுக்குப் பதில் புதிதாகக் கட்டித் தருகிறார்களே, அந்த வீட்டுப் பட்டியல்தான். வேலை முடிந்து வந்த களைப்போடு நீ இருந்து செய்து கொடுத்தாயே ஒரு புரோகிராம், அதைப் போட்டுப் பட்டியலைச் சுத்தம் செய்து அலுவலக வாசலில் ஒட்டினார்கள். பார்க்கப் போனால் என் பெயர் இருக்கிறது, ஸாலிஹாவின் பெயர் இல்லை. நான் பிழையாகப் பார்த்தேனோ என்று மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தேன், இல்லை. என்னை ராத்தா என்று கூப்பிடுகிறவள், என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அத்தனை சனத்துக்கு நடுவில், "கடல் என்ட மாப்புளைய எடுத்திச்சி, ராத்தாட மகன் என்ட ஊட்ட எடுத்திட்டான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். புரோகிராம் செய்தவன் என் மகன், மிஞ்சியது என் பெயர், ஊர் வேறென்ன நினைக்கும். அவள் மகள், உன் தங்கச்சி ஸஹீதாவுக்கு ஏறாவூரில் பேசி முடித்த கலியாணமும் இப்போது இதில் தொங்குகிறது. அந்த மாப்பிள்ளையின் உம்மா வந்து, "பொண்ணுக்கு ஊடு எங்கன இரிக்கி, என்ட மகன் தகரக் கொட்டிலுக்கா வாற" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். வாய் துடுக்குத்தான், ஆனால் நம் ஊரில் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவதல்லவா வழக்கம், வீடு இல்லாவிட்டால் அவள் கேட்பதில் பிழையும் இல்லை. வாப்பா இல்லாத பிள்ளை அது, வீடும் இல்லையென்றால் என்ன செய்வாள்.

போன வெள்ளி நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. "உம்மா, சாச்சிக்காக நான் விதிய மாத்தினா நாளைக்கு என்ட வேலைய ஆரு நம்புவாங்க, விதி எல்லாருக்கும் ஒண்டுதான்" என்றாய். கேட்கப் பெருமையாகவும் இருந்தது, உன் காதைப் பிடித்துத் திருக வேண்டும் போலவும் இருந்தது. அதற்குமேல் பேசினால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்று வைத்துவிட்டேன். ஆனால் மனம் ஆறவில்லை. அடுத்த நாளே அலுவலகத்துக்குப் போய், அங்கே கொம்பியூட்டரில் வேலை செய்கிற றொஷெல்லைப் பிடித்தேன். டவுனிலிருந்து வரும் பறங்கிப் பிள்ளை, உன் புரோகிராமை ஓட்டுவதே அவள்தான், உனக்குத் தெரியும். இவன் என்னதான் சொல்லி வைத்திருக்கிறான், எனக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லு பிள்ளை என்றேன். பாவம், பொறுமையாகத்தான் சொன்னாள். ஒரே ஆள் இரண்டு மூன்று முகாமில் பதிந்திருந்தால் பட்டியலில் அந்த ஆள் இரண்டு மூன்று வரியாக வருவார், அதில் முதல் வரியை வைத்துக்கொண்டு மற்றதை நீக்க வேண்டும். அடையாள அட்டையைப் பார்க்கலாமென்றால் பாதிப் பேருடையது கடலோடு போய்விட்டது. பெயரைப் பார்க்கலாமென்றால் முகாமுக்கு முகாம் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கிறார்கள். அதனால் நீ பெயரை விட்டுவிட்டு, வாப்பாவின் பெயரின் முதலெழுத்து, வீதி, வீட்டு இலக்கம், இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லியிருக்கிறாய். வீட்டு இலக்கத்தையும் சனம் தாறுமாறாக எழுதியிருக்கிறது என்று, சாய்கோடு, அதற்குப் பின் ஒரு புள்ளி, அதற்குப் பின் ஒரு நட்சத்திரம் என்று ஒரு குறி போட்டிருக்கிறாய். புள்ளி என்றால் எந்த எழுத்தும், நட்சத்திரம் என்றால் எத்தனை எழுத்தும். ஆக, கோட்டுக்குப் பின்னால் எது வந்தாலும் விழுங்கிவிடு என்று அர்த்தமாம்.

மகன், நம் வளவில் நான் இருந்தது நாற்பத்து மூன்று, உன் சாச்சி இருந்தது நாற்பத்து மூன்று பை ஒன்று, அதாவது நாற்பத்து மூன்றுக்குப் பின் சாய்கோடு போட்டு ஒன்று. உன் நட்சத்திரம் அந்தப் பை ஒன்றை விழுங்கிவிட்டது. இருவருக்கும் வாப்பா அசனார், இருவருக்கும் ஒரே வீதி, இப்போது ஒரே இலக்கம். நான் முதல் வரி, அவள் இரண்டாம் வரி, இரண்டும் ஒரே ஆள் என்று முடிவாகி அவளைத் தூக்கிவிட்டது. நானும் அவளும் ஒரே ஆளா? காலையில் என் அடுப்பில் ரொட்டி தின்றுவிட்டு, பகலைக்கு மீன் ஆணம் அவள் அடுப்பில்தான் ருசி என்று வேலி தாண்டி ஓடினவன் நீ. என்னிடம் அடி வாங்கிக்கொண்டு அவளிடம் போய் அழுதவன் நீ. அந்த இரண்டு அடுப்பும் ஒன்றென்று உன்னைத் தவிர வேறு யார் எழுதியிருந்தாலும் எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது.

ஆனால் கோபம் அங்கேயே நிற்கவில்லை. நீக்கிய வரிகளை மட்டும் ஒரு பட்டியலாக எடுக்க முடியுமா என்று றொஷெல்லிடம் கேட்டேன். எடுத்துத் தந்தாள். ஒவ்வொரு பெயராக விரல் வைத்து வாசித்தேன். உண்மையாகவே இரண்டு தரம் பதிந்த கள்ளர்களும் அதில் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. மற்றப்படி எல்லாம் எனக்குத் தெரிந்த பெண்கள். இவள் அவளுடைய தங்கச்சி, அவள் இவளுடைய தங்கச்சி, பதியும்போதும் மூத்தவளை முன்னால் விட்டுத்தானே நின்றார்கள், ஒருத்தியாவது மூத்தவள் இல்லை. வளவைப் பிரித்துப் பெண்பிள்ளைகளுக்கு வரிசையாக வீடு கட்டிக் கொடுக்கிற ஊரில், மூத்தவளுக்குப் பழைய இலக்கம், அடுத்தவளுக்குப் பை ஒன்று, அதற்கடுத்தவளுக்குப் பை இரண்டு. உன் புரோகிராம் ஊரிலிருந்த தங்கச்சிமாரையெல்லாம் நீக்கியிருக்கிறது. நம் ஆட்கள் மட்டும் என்று நினைக்காதே, ஆரையம்பதியில் தமிழாட்களுக்கும் இதே வழக்கம்தானே, நம் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற ஆச்சிப்பிள்ளையின் தங்கச்சியும் அந்தத் தாளில் இருக்கிறாள். "இது கள்ளரப் பிடிக்கப் போட்ட வலை அன்ரி, அக்கா தங்கச்சியெல்லாம் விழுந்திட்டாங்க" என்று றொஷெல்லும் முகம் வாடிப்போய்ச் சொன்னாள்.

அலுவலகத்துப் பெரியவரிடம் போனோம். நல்ல மனிசன்தான், ஆனால் கையால் ஒரு பெயரைச் சேர்த்தால் நாளைக்கு ஊரே வந்து நிற்கும், புதிதாக வந்தவற்றையும் சேர்த்துத் திங்கட்கிழமை மறுபடி ஒரு தரம் ஓட்டிப் பட்டியலைக் கொழும்புக்கு அனுப்புகிறோம், அதற்குள் புரோகிராம் செய்தவர் விதியைத் திருத்தி அனுப்பட்டும், அதற்குப் பிறகு என் கையில் இல்லை என்றார். என்ன திருத்த வேண்டும் என்று றொஷெல் தனியாக உனக்கு எழுதுகிறாள். சாய்கோட்டை வெட்டாமல் விடலாமாம், விண்ணப்பத்தில் கணவனின் பெயர் இருக்கிறது, அதையும் சேர்த்துப் பார்க்கலாமாம், சந்தேகமான வரியை நீக்காமல் வேறு பட்டியலில் ஒதுக்கி வைத்தால் ஆட்கள் இருந்து பார்த்துச் சொல்லலாமாம். அது உங்கள் இருவருடைய வேலை, நான் தலையிடவில்லை.

நான் செய்தது வேறு. இன்று காலை போய் என் விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கினேன். வாங்கிய கையோடு புதிதாக ஒன்று நிரப்பிக் கொடுத்தேன். அதற்கு யாரும் தடை சொல்ல முடியாது. புதிதாகக் கொடுப்பது பட்டியலின் அடியில் போய் நிற்கும். இப்போது முன்னால் நிற்பது உன் சாச்சி, பின்னால் நிற்பது நான். உன் விதி மாறாமல் திங்கட்கிழமை ஓடினால் ஸாலிஹாவுக்கு வீடு, நீக்கப்படுவது நான். றொஷெல் என் கையைப் பிடித்து, "அன்ரி, நல்லா யோசிச்சிட்டீங்களா" என்று இரண்டு தரம் கேட்டாள். வாப்பா கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் இருமினார். பிறகு, "அவன் விதிய மாத்தமாட்டான், ஆனா பிழையத் தெரிஞ்சிக்கிட்டு உடவும் மாட்டான்" என்றார். நானும் அதை நம்பித்தான் இருக்கிறேன், நம்பினாலும் பயமாகத்தான் இருக்கிறது. இந்த மாரியை இன்னொரு வருடம் தகரத்துக்குக் கீழே கழிக்க வாப்பாவின் நெஞ்சு தாங்குமோ தெரியாது.

சொந்தக்காரருக்காக மாற்றினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று பயந்தாய் அல்லவா. சாச்சிக்காக மாற்றாதே, அவளுக்கு இனித் தேவையில்லை. எனக்காகவும் மாற்றாதே. அந்தத் தாளில் இருக்கிற மற்றவர்களுக்காக மாற்று, ஆச்சிப்பிள்ளையின் தங்கச்சி உனக்கு என்ன சொந்தம்? என் தங்கச்சிக்கு நான் இடம் விட்டுக் கொடுத்துவிட்டேன், ஊரிலிருக்கிற ராத்தாமாரிடமெல்லாம் போய் நீங்களும் அடியில் போய் நில்லுங்கள் என்று சொல்ல என்னால் முடியாது.

இதை றொஷெல் இன்றே ஸ்கேன் செய்து உனக்கு அனுப்புவாள். ஸாலிஹாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, நீயும் வெள்ளிக்கிழமை போனில் பட்டியல் பேச்சை எடுக்காதே. சாச்சியைக் கூப்பிடுங்கள் என்று மட்டும் சொல். நான் தகரத்தில் தட்டிக் கூப்பிடுகிறேன், உன் குரலுக்காவது எழும்பி வருகிறாளா பார்ப்போம். நோன்பு திறந்ததும் வெறும் பேரீச்சம்பழத்தோடு நிறுத்தாமல் வயிறாரச் சாப்பிடு, கண் விழித்து வேலை செய்யாதே, ஆனால் திங்கட்கிழமை வரைக்கும் கொஞ்சம் விழித்தால் பரவாயில்லை. அல்லாஹ் உன் அறிவிலும் நீ உழைத்து உண்ணும் ரிஸ்கிலும் பரக்கத் செய்வானாக, உன் கையால் ஒருவருடைய கூரையும் இல்லாமல் போகாதிருக்கட்டும்.

இப்போது பட்டியலின் கடைசியில் நிற்கும்
உன் உம்மா,
சித்தி நபீஸா.