துரை சொன்ன லீவு

கேட்டேன் அப்பா, நீங்கள் எழுதியபடியே தங்கை ராஜம்மாள் கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு கேட்டேன். உங்கள் இருமல் தணிந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் சௌக்கியம்.

அன்றைக்கு மேட்டூர் அணை வேலையில் சிமெண்டு கலக்கும் மெஷின் நின்றுவிட்டது. வெள்ளைக்கார துரை மூஞ்சி சிவந்து நின்றார். நான் போய் "லீவ் சார்" என்றேன். அவரும் "லீவ்!" என்று கத்தினார். கும்பிட்டுவிட்டு வந்து மூட்டை கட்டினேன்.

கிளார்க் ரஷீத் பாய் ஓடிவந்தார். "அட கிறுக்கா, எங்கே கிளம்பிட்டே? அவரு உன்னைத் தொலைஞ்சு போன்னு சொன்னாரு!"

"நான் கேட்டதும் லீவு, அவரு குடுத்ததும் லீவுதானுங்களே பாய்?"

"நீ கேட்டது ஊருக்குப் போக உத்தரவு. அவரு சொன்னது வெளியே போன்னு. அந்தக் காலத்து இங்கிலீஷுல ரெண்டும் வேற வேற சொல்லுப்பா, இப்ப ஒண்ணாட்டம் ஆயிருச்சு. மிச்சம் வெக்கறதும் லீவுதான்."

இதெல்லாம் ஒரு பாஷையா? கொடுப்பதற்கும் துரத்துவதற்கும் தனித்தனிச் சொல் வைத்துக்கொள்ள வக்கில்லாதவர்கள் காவேரியை மறிக்க வந்துவிட்டார்கள். இதைப் படிக்கமாட்டேன் என்று நாலாவது பாரத்தில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்தவனை இனியாவது திட்டாதீர்கள்.

வேலை போயிருக்காது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம். நம் ராசிபுரத்து ஆள் யாராவது இங்கே வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். ராஜம்மாளுக்கு எடுத்த புடவை என்ன நிறம் என்றும் எழுதுங்கள்.

துரை வந்துவிட்டார். எந்த லீவு கொடுத்தார் என்று அவரையே தமிழில் கேட்கப் போகிறேன். நான் போகவேண்டும்.

உங்கள் மகன் சென்னிமலை